தாயும் மகளும் ஒரு ருஷ்யப் புஸ்தகமும்

கூடங்குளத்தில் காற்று சும்மா வீசுவதில்லை. ஆளைத் தள்ளிக்கொண்டுதான் வீசுகிறது. ஒரு பக்கம் பனைமரங்கள், ஒரு பக்கம் காற்றாலைகள், கடலோரத்தில் அணுமின் நிலையத்தின் உருண்டை முகடுகள். இவற்றைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போன என்னை, ஒரு வீட்டுத் திண்ணையில் நீதிபதியாக உட்கார வைத்துவிட்டார்கள்!

வழக்கு இதுதான். வாதி, அம்மா. பிரதிவாதி, அந்த ஆண்டுதான் பிளஸ் டூ தேறியிருந்த மகள்.

"இவ இஞ்சினீயரிங் படிக்க மாட்டாளாம், தம்பி. ருஷ்யாக்காரன் கதையைப் படிக்கப் போறாளாம். அதைப் படிச்சா யாரு சம்பளம் குடுப்பாவ?" என்றார் அம்மா.

மகள் பேசவில்லை. உள்ளே போய், பழுப்பேறிய ஒரு புஸ்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தாத்தா வைத்துவிட்டுப் போனதாம். மாக்ஸிம் கார்க்கியின் 'தாய்'!

இந்த ஊருக்கு ருஷ்யா ஒன்றும் தூரத்துத் தேசமல்ல. 1988ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் செய்தார்கள். 2002ல் கட்டட வேலை தொடங்கியது. 2013ல் முதல் உலையிலிருந்து மின்சாரம் வந்தது. ஆளுக்கு 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகளும் ருஷ்ய அமைப்பைச் சேர்ந்தவை. அவற்றுக்காக வந்த ருஷ்ய நிபுணர்கள் செட்டிகுளம் அருகே குடியிருப்பில் குடும்பத்தோடு தங்கினார்கள். 2011ல் பக்கத்து இடிந்தகரை மக்கள் உலை வேண்டாமென்று பெரும் போராட்டம் நடத்தியதும் நாடறிந்தது. வேண்டும் என்றவர்களுக்கும் வேண்டாம் என்றவர்களுக்கும் ருஷ்யா என்ற பெயர் தினசரிப் பேச்சாகிவிட்டது.

ஆனால் இந்தப் பெண்ணை இழுத்தது உலை அல்ல; தாத்தாவின் புஸ்தகம்.

அதை மொழிபெயர்த்தவர் யார் தெரியுமோ? திருநெல்வேலிக்காரரான தொ. மு. சி. ரகுநாதன். டால்ஸ்டாயின் மாபெரும் நாவலைப் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்த டி. எஸ். சொக்கலிங்கமோ தென்காசிக்காரர். தாமிரபரணித் தண்ணீருக்கு ருஷ்யக் கதையென்றால் ஒரு தாகம் போலிருக்கிறது! ஆனால் இருவரும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். பின்னர் பூ. சோமசுந்தரம் போன்ற சிலர் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தார்கள். 1991ல் சோவியத் யூனியன் கலைந்ததும், மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்துகொண்டிருந்த தமிழ்ப் புஸ்தகங்களும் நின்றுபோயின.

"ரகுநாதன் ஐயா இங்கிலீஷிலே பார்த்து எழுதினாங்க. நான் ருஷ்யனிலேயே பார்க்கணும்" என்றாள் மகள். அவள் ஆசை இவ்வளவுதான். இது சின்ன ஆசையா, பெரிய ஆசையா? வாசகிகளே சொல்லுங்கள்.

சரி, சர்வகலாசாலையில் இதை எப்படிப் படிக்கிறார்கள்? நம் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம்போல ருஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செக், பல்கேரியன், செர்பியன் எல்லாம் ஒரே குடும்பம். ஸ்லாவிய மொழிகள் என்று அதற்குப் பெயர். டில்லி சர்வகலாசாலையில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. டில்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையிலும், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் சர்வகலாசாலையிலும் ருஷ்யன் கற்கலாம்.

முதலில் இலக்கியம் கிடையாது, எழுத்துத்தான். மொத்தம் முப்பத்துமூன்று. ஆங்கில 'பி' மாதிரி தோன்றுவது 'ர' என்று ஒலிக்கும். 'ஹெச்' மாதிரி இருப்பது 'ந'வாகிவிடும். நாலைந்து மெய்யெழுத்துகள் கைகோத்துக்கொண்டு வந்து நாக்கைச் சுளுக்கும்.

ஆனால் தமிழ்ப் பெண்ணுக்குச் சில சலுகைகளும் உண்டு. வேற்றுமை என்றால் அவள் பயப்பட மாட்டாள். நம்மிடம் எட்டு, அவர்களிடம் ஆறு. 'நான் மாணவி' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தைப்போல நடுவில் இன்னொரு சொல் வேண்டாம். 'படித்தாள்' என்பதற்கும் 'படித்துவிட்டாள்' என்பதற்கும் நாம் காணும் வித்தியாசத்தைப் போன்ற ஒன்று அவர்கள் வினைச்சொல்லிலும் உண்டு. 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. அன்னா அர்க்காதியெவ்னா கரேனினா என்ற நீளப் பெயரின் நடுப்பகுதி, அர்க்காதியின் மகள் என்று சொல்வது. நம் இனிஷியல்தானே அது!

இதற்குமேல்தான் புஷ்கின், கோகல், டால்ஸ்டாய், செகாவ் எல்லாம். கதையோடு சரித்திரம், மதம், பாட்டு, சமையல் வரைக்கும் கற்க வேண்டும்.

அம்மா குறுக்கிட்டார். "நம்மளைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? நாம மட்டும் எதுக்குப் படிக்கணும்?"

நல்ல கேள்வி. டால்ஸ்டாய் 1908ல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளை எடுத்துக் காட்டியிருக்கிறார். இன்னா செய்தவருக்கும் இனியவே செய்யச் சொல்லும் கருத்து அவரைக் கவர்ந்தது. அந்தக் கடிதத்தைத் தென்னாப்பிரிக்காவில் அச்சிட்டு வெளியிட்டவர் காந்திஜி. செக் நாட்டுக் கமில் ஸ்வெலபில் தமிழ் கற்று, நம் இலக்கியத்தைப் பற்றி உலகம் படிக்கும் நூல்களை எழுதினார். அலெக்ஸாந்தர் துபியான்ஸ்கி மாஸ்கோ சர்வகலாசாலையில் பல்லாண்டு தமிழ் கற்பித்து, 2020ல் காலமானார். அவர்கள் வீட்டிலும் ஒரு தாயார், "தமிழ் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று நிச்சயம் கவலைப்பட்டிருப்பார்!

சம்பளத்தைப் பற்றி நான் பொய் சொல்லவில்லை. இஞ்சினீயருக்குக் காத்திருப்பதுபோல் உத்தியோகம் வாசலில் வந்து நிற்காது. மொழிபெயர்ப்பு, துபாஷி வேலை, ஆசிரியர் வேலை என்று தேடிப் போகவேண்டும். மூன்று வருஷம் படித்துவிட்டு நிறுத்தினால் மொழி அரைகுறை. மேலே படிக்கப் பொறுமையும் பணமும் வேண்டும். இதையெல்லாம் மகளின் முன்னாலேயே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், முகம் வாடவில்லை.

தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பதிலாக, அந்த நாவலின் கதையைச் சொன்னேன். ஆலைத் தொழிலாளியின் விதவை ஒருத்தி. மகன் ராத்திரியெல்லாம் ஏதோ புஸ்தகம் படிக்கிறான். இதனால் என்ன விபரீதம் வருமோ என்று அவள் நடுங்குகிறாள். பிறகு நடுவயதில் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குகிறாள்.

அம்மா சற்று நேரம் காற்றாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மடியிலிருந்த புஸ்தகத்தை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்தார்.

"விண்ணப்பம் போட என்னைக்குக் கடைசி நாள்னு சொன்ன?" என்று மகளைக் கேட்டார்.

"இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்மா."

"அதுக்குள்ளே நான் இதைப் படிச்சு முடிச்சிருதேன். அப்புறம் பேசுவோம்."

நான் விடைபெற்றபோது அவர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டார். காற்று தாளைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்தை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.