அலியூ சிஸ்ஸே

அலியூ சிஸ்ஸே (பிறப்பு: மார்ச் 24, 1976) செனிகல் நாட்டின் முன்னாள் கால்பந்து வீரரும் பயிற்சியாளரும் ஆவார். தடுப்பு நடுக்கள வீரராக விளையாடிய இவர், 2002 உலகக்கோப்பையில் செனிகல் அணித்தலைவராக இருந்தார். செனிகல் முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது அதன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரும் இவரே.

இளமையும் கழக ஆட்டங்களும்

சிஸ்ஸே செனிகலின் தென்பகுதியான கசமான்சில் உள்ள சிகின்சோர் நகரில் பிறந்தார். ஒன்பது வயதில் பிரான்சுக்குச் சென்று, பாரிஸ் புறநகர்ப் பகுதியில் வளர்ந்தார். லீல், செடான், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், மோன்பெலியே ஆகிய பிரெஞ்சுக் கழகங்களுக்கு விளையாடியபின், 2002இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் சிட்டியில் சேர்ந்தார். 2004 முதல் 2006 வரை போர்ட்ஸ்மவுத்தில் விளையாடினார். பின்னர் பிரான்சுக்குத் திரும்பி, செடான், நீம் கழகங்களில் தன் ஆட்ட வாழ்வை முடித்துக்கொண்டார். கோல் அடிப்பவராக இவர் அறியப்படவில்லை. எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே முறிப்பதே இவரது பணியாக இருந்தது.

2002ஆம் ஆண்டு

சிஸ்ஸேயின் வாழ்வில் 2002 மறக்க இயலாத ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் மாலியின் தலைநகர் பமாக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் செனிகலும் கேமரூனும் கோல் ஏதுமின்றிச் சமநிலை கண்டன. பெனால்டி உதைகளில் செனிகலின் ஐந்தாவது உதையை அணித்தலைவர் சிஸ்ஸே எடுத்தார். கேமரூன் கோல்காப்பாளர் அதைத் தடுத்தார். கேமரூன் 3–2 என்று கோப்பையை வென்றது. செனிகல் வீரர்களில் மூவர் பெனால்டியைத் தவறவிட்டிருந்தனர். எனினும், கடைசி உதை என்பதால் தோல்வியின் அடையாளமாகச் சிஸ்ஸேயின் உதையே நினைவில் நின்றது.

மே 31 அன்று சியோலில், தன் முதல் உலகக்கோப்பை ஆட்டத்திலேயே நடப்பு வாகையர் பிரான்சைச் செனிகல் 1–0 என வென்றது. பாப்பா பூபா தியோப் கோல் அடித்தார். காலிறுதி வரை முன்னேறிய அணி, கூடுதல் நேரத்தில் துருக்கியிடம் தோற்றது.

செப்டம்பர் 26 அன்று, சிகின்சோரிலிருந்து தக்காருக்குச் சென்ற 'லே ஜூலா' கப்பல், அளவுக்கு மீறிய பயணிகளுடன் காம்பியா கடற்கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. 1,800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் சிஸ்ஸேயின் குடும்பத்தினர் பலரும் இருந்தனர்.

பயிற்சியாளராக

செனிகலின் 23 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவித்தபின், மார்ச் 2015இல் அலான் ஜிரேசுக்கு அடுத்ததாகத் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2018இல் ரஷ்யாவில் நடந்த உலகக்கோப்பைக்கு அணியை அழைத்துச் சென்றார். அங்கு போலந்தை வென்ற செனிகல், ஜப்பானுடன் சமன் செய்து கொலம்பியாவிடம் தோற்றது. புள்ளிகள், கோல்கள், நேரடி மோதல் என அனைத்திலும் ஜப்பானும் செனிகலும் சமமாக இருந்தன. எனவே மஞ்சள் அட்டைகள் கணக்கிடப்பட்டன. ஜப்பான் 4, செனிகல் 6 பெற்றிருந்ததால் செனிகல் வெளியேறியது. உலகக்கோப்பையில் இந்த விதியால் வெளியேறிய முதல் அணி இதுவே.

2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் செனிகல் இறுதியாட்டம் வரை சென்று, கெய்ரோவில் அல்ஜீரியாவிடம் 0–1 எனத் தோற்றது. வீரராக ஒன்று, பயிற்சியாளராக ஒன்று என இரு இறுதியாட்டங்களைச் சிஸ்ஸே இழந்திருந்தார்.

முதல் கோப்பை

அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டம் பிப்ரவரி 6, 2022 அன்று கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் எகிப்துக்கு எதிராக நடந்தது. ஏழாவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியைச் சாடியோ மானே தவறவிட்டார். ஆட்டம் கோலின்றி முடிய, மீண்டும் பெனால்டி உதைகள். வெற்றியை முடிவுசெய்யும் ஐந்தாவது உதை மானேயிடமே ஒப்படைக்கப்பட்டது. இம்முறை அவர் கோல் அடிக்க, செனிகல் 4–2 என்று வென்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் கேமரூனிடம் ஐந்தாவது உதையில் கோப்பையை இழந்த அணித்தலைவர், கேமரூன் மண்ணில் ஐந்தாவது உதையிலேயே அதைப் பெற்றார். அடுத்த மாதம் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றிலும் எகிப்தைப் பெனால்டி உதைகளில் செனிகல் வென்றது.

பின்னர்

கத்தாரில் 2022 உலகக்கோப்பையில், காயமடைந்த மானே இல்லாமலேயே செனிகல் இரண்டாம் சுற்றை எட்டி இங்கிலாந்திடம் தோற்றது. ஈக்வடாரை வென்று அச்சுற்றுக்குத் தகுதி பெற்ற நவம்பர் 29, பாப்பா பூபா தியோப்பின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளாகும். 2024 தொடக்கத்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில், போட்டியை நடத்திய ஐவரி கோஸ்ட்டிடம் பெனால்டி உதைகளில் செனிகல் வெளியேறியது. அக்டோபர் 2024இல் சிஸ்ஸேயின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவரது இடத்துக்கு 2002 அணியில் உடன் விளையாடிய பாப் தியாவ் வந்தார். மார்ச் 2025இல் சிஸ்ஸே லிபியா தேசிய அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.