தரையோடு படரும் செப்பு நெருஞ்சில்

மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில், நம் சமவெளிப் பிரதேசங்களின் மேய்ச்சல் தரைகளிலும் ஒற்றையடிப் பாதையோரங்களிலும், பாய் விரித்தாற்போல் தரையோடு தரையாகப் படர்ந்து, இலைக்கக்கங்களில் செக்கச்செவேலென்று பூத்துக் கிடக்கும் ஒரு சிறு செடியை, அதன் பெயரைக் கேளாமலே மிதித்துக் கடந்து போகிறவர்கள் நம்மில் மிகப் பலர். செப்பு நெருஞ்சில் என்பது அதன் பெயர். காலில் முள் தைக்கும் மஞ்சள் பூ நெருஞ்சிலோடு இதற்குக் குலசம்பந்தம் கிடையாது. அவரையும் துவரையும் பிறந்த வம்சத்தில், நீலச்சாயம் தரும் அவுரிக்கு நெருங்கிய உறவாகத் தோன்றிய செடி இது. தாவர சாஸ்திரிகள் இதனை இண்டிகோஃபெரா லின்னேயி என்பார்கள்.

குனிந்து பார்ப்பவர்களுக்கே இதன் விசேஷம் புலப்படும். ஆழ இறங்கிய ஆணிவேரின் தலையிலிருந்து கிளைகள் நாற்புறமும் படர்கின்றன. நடுக்காம்பின் இருமருங்கும் சிற்றிலைகள் மாறி மாறி அமைந்திருக்க, அவற்றின்மீது நுண்ணிய வெள்ளிய ரோமங்கள் படிந்திருக்கின்றன. பயறு குலத்துக்கே உரிய முறையில், பூவின் மேலே கொடியல்லி ஒன்றும், பக்கங்களில் சிறகல்லிகள் இரண்டும், கீழே மகரந்தத்தைப் பொதிந்து வைத்த படகல்லிகளும் உள்ளன. தேனை நாடி வரும் பூச்சி அமர்ந்து அழுத்தியவுடன் படகு விசையோடு கீழ்நோக்கித் தெறிக்க, மகரந்தம் அப்பூச்சியின் உடலிற் படிகிறது. மண்ணுக்கடியிலோ, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவதால், வளமற்ற நிலத்திலும் அது பிழைப்பதோடு, மடிந்த பின் அந்நிலத்துக்கும் சாரத்தை அளிக்கிறது.

நாட்டு வைத்தியத்தில் இதற்கு இடமுண்டு; ஆயினும் கைக்கு எட்டியதென்று தாமாகவே பறித்து உண்பது விவேகமன்று. இதே செடி இயற்கையாக வளரும் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளில், இதனை மிகுதியாக மேய்ந்த குதிரைகள் நடை தள்ளாடி நோயுற்றன. அந்நோய் அங்குள்ள பேர்ட்ஸ்வில் என்னும் ஊரின் பெயரால் வழங்குகிறது. இண்டோஸ்பிசின் என்னும் நச்சுத்தன்மையுள்ள அமினோ அமிலம் இச்செடியில் இருப்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர்.

பெருமழையில் மண் கரையாதபடி பற்றி நிற்பனவும், சிறு பூச்சிகளுக்கு ஆகாரம் அளிப்பனவும், யாரும் நீர் வார்க்காமல் தாமே தழைப்பனவுமாகிய இத்தகைய செடிகளைக் களையென்று வேரோடு செதுக்கிவிட்டு, அவ்விடத்தில் அயல்நாட்டுப் புல்லை நட்டு நாள்தோறும் நீர் பாய்ச்சுவதை அழகென்று கருதுகிறோம். பள்ளி வளாகங்களிலும் பூங்காக்களிலும் ஒரு மூலையையேனும் செதுக்காமல் விட்டு, அங்கு முளைப்பவற்றின் பெயரையும் குணத்தையும் குழந்தைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். சொந்த மண்ணின் செடிகளை அறிவதும் கல்வியின் ஓர் அங்கமே.