கைக்குட்டையும் காற்சிலம்பும்: துன்பியலில் பொறாமை, சூழ்ச்சி, மனித பலவீனம்

முன்னுரை

பொறாமை என்னும் ஒரே சொல்லால் இருவேறு உள்ளநிலைகளை நாம் குறித்து வருகின்றோம். பிறரிடம் உள்ளது தமக்கு இல்லையே எனப் புழுங்குவது ஒன்று. தமக்கு உரியதைப் பிறர் கவர்ந்துகொண்டனரோ என அஞ்சுவது மற்றொன்று. முன்னதற்கு அழுக்காறு என்னும் பழஞ்சொல் உண்டு. பின்னதை ஐயுறவு எனலாம். துன்பியல் நாடகங்களைக் கற்பிக்கும்போது இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாவிடின், கெட்டவன் ஒருவன் சூழ்ச்சி செய்தான், நல்லவர் மாண்டனர் என்னும் எளிய கதையே மாணவர் மனத்தில் எஞ்சும். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தையும் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையையும் அருகருகே வைத்து, வீழ்ச்சியின் வேர் எங்குள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டின் அடிப்படை

ஒதெல்லோ 1604ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இலண்டன் அரண்மனையில் நடிக்கப்பெற்றது. 1622இல் முதன்முதலாக அச்சேறியது. சிலப்பதிகாரம் காப்பியமே எனினும், இயல், இசை, நாடகம் என்னும் மூன்றும் விரவியது. சங்கரதாச சுவாமிகள் (1867-1922) கோவலன் கதையை நாடகமாக்கியபின், தமிழ் மேடையின் நிலைத்த துன்பியல் கதைகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக இலக்கணத்தின் துணைகொண்டு நோக்கும் முறையும் நமக்குப் புதியதன்று. சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியிட்ட மதங்க சூளாமணி அதற்கு வழி வகுத்தது. ஆகவே இவ்வொப்பீடு வலிந்து செய்யப்படுவது அன்று.

இயாகோவின் அழுக்காறு

வெனிசு நகரப் படைத்தலைவனாகிய ஒதெல்லோ, துணைத்தளபதிப் பதவியைக் காசியோவுக்கு அளிக்கிறான். கொடிதாங்கி என்னும் நிலையிலேயே விடப்பட்ட இயாகோ மனம் புழுங்குகிறான். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக அமைந்த சிந்தியோவின் இத்தாலியக் கதையில் (1565) கொடிதாங்கியின் பகைக்குக் காரணம் தெளிவானது: தலைவியை விரும்பி, அவளால் ஏற்கப்படாதவன் அவன். ஷேக்ஸ்பியர் அத்தெளிவை நீக்கிவிடுகிறார். இயாகோ ஒரு காட்சியில் பதவியைச் சொல்கிறான். பிறிதொரு காட்சியில் தன் மனைவியைப் பற்றிய ஐயத்தைச் சொல்கிறான். காசியோவின் வாழ்க்கையில் உள்ள அழகு தன்னை அழகற்றவனாக்குகிறது என்றும் பொருள்படப் பேசுகிறான். காரணம் தேடி அலையும் இம்மனமே அழுக்காற்றின் உண்மை வடிவமாகும். அழுக்காறுடையானுக்குப் பகை முன்னே பிறக்கிறது. காரணம் பின்னே வந்து சேர்கிறது.

மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் அவன் கையாளும் முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவன் தொடக்கத்தில் எதனையும் வெளிப்படையாகக் கூறுவதில்லை. ஒதெல்லோவின் சொற்களையே திருப்பிச் சொல்லித் தயங்குகிறான். எதையோ மறைப்பவன்போல் நடிக்கிறான். பொறாமை கொள்ளவேண்டா என்று அறிவுரையும் கூறுகிறான். பின்னர் ஒதெல்லோவின் உள்ளத்தில் முன்னரே இருந்த புண்ணைத் தொடுகிறான். வெனிசு மகளிரின் இயல்பை அயலானாகிய ஒதெல்லோ அறியான். தந்தையை ஏமாற்றி வந்தவளல்லவா டெஸ்டிமோனா என்கிறான். ஒதெல்லோவின் நிறம், வயது, அயன்மை ஆகியன குறித்த அச்சம் இயாகோ உண்டாக்கியதன்று. இருந்த அச்சத்திற்கு அவன் சொல் கொடுத்தான், அவ்வளவே.

பொற்கொல்லன் தேர்ந்த வேளை

மதுரைப் பொற்கொல்லனிடம் இத்தகைய உளநுட்பம் இல்லை. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவன்; பழியைச் சுமத்த ஓர் அயலான் தேவைப்பட்டான்; கோவலன் வந்தான். அவனது வலிமை வேளையைத் தேர்ந்ததில் உள்ளது. ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் ஈடுபட்டதாகக் கருதிய கோப்பெருந்தேவி, தலைநோவென்று கூறி அவையினின்றும் அகன்றாள். ஊடல் தீர்க்க விரைந்த பாண்டியன், அமைச்சரை விடுத்து அந்தப்புர வாயிலை அடைந்தபோதுதான் பொற்கொல்லன் அவன் அடி வீழ்ந்தான். அரசியின் ஊடலும் ஒருவகை ஐயுறவே. கோவலன் கொலையில் அவளுக்குப் பங்கில்லை. ஆயினும் அவ்வூடல் தந்த அவசரமே அரசனின் ஆராய்ச்சியைக் கெடுத்தது. கள்வன் கையில் சிலம்பு இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு காவலரை ஏவிவிட்டு அவன் உள்ளே செல்கிறான். அரசியின் மனக்குறையைத் தீர்க்க விரைந்தவன் ஓர் உயிரைப் பற்றிய தீர்ப்பை வாயிலில் நின்றபடியே வழங்கிவிடுகிறான்.

காவலர் தயங்குகின்றனர், கோவலனின் தோற்றம் கள்வனின் தோற்றமாக இல்லை என்கின்றனர். உடனே பொற்கொல்லன் களவு நூலார் கூறும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் விரித்துரைக்கிறான். கண்ணால் கண்டதை நூலறிவு என்னும் பெயரால் மறுக்கும் சூழ்ச்சி இது. கல்லாத ஒருவனின் வாள் முந்திக்கொள்கிறது.

சிறுபொருளும் பெருங்கேடும்

இரு படைப்புகளிலும் ஒரு சிறுபொருள் சான்றாகி விடுகிறது. ஒதெல்லோ கண்கூடான சான்று வேண்டும் என்கிறான். தன் தாய் வழிவந்த கைக்குட்டை காசியோவின் கையில் இருந்ததே அவனுக்குப் போதுமானதாகிறது. பாண்டியனுக்கோ சிலம்பு ஒன்றே போதுமானதாயிற்று. 2006இல் வெளிவந்த ஓம்காரா என்னும் இந்தித் திரைப்படம், ஒதெல்லோ கதையைத் தழுவி, கைக்குட்டையின் இடத்தில் இடையணி ஒன்றை வைத்தது. அணிகலன் சான்றாக மாறும்போது ஒதெல்லோ சிலம்பின் அருகே வந்துவிடுவதைக் காணலாம்.

உண்மை இரண்டிலும் எட்டாத் தொலைவில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. எமிலியாவைத் தக்க வேளையில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கைக்குட்டையின் வரலாறு வெளிப்பட்டிருக்கும். சிலம்பை உடைத்திருந்தால் உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்பது அன்றே தெரிந்திருக்கும். வழக்குரை காதையில் கண்ணகி செய்தது அரசன் முன்னரே செய்திருக்கவேண்டிய சோதனை. சான்று இருந்தது, அதனைச் சோதிக்கும் பொறுமைதான் இல்லை.

குறள் தரும் அளவுகோல்

வள்ளுவர் அழுக்காறாமையை அறத்துப்பாலில் 17ஆம் அதிகாரமாகவும், தெரிந்து தெளிதலைப் பொருட்பாலில் 51ஆம் அதிகாரமாகவும் வைத்துள்ளார். இயாகோவை அளக்க முன்னது போதும். ஒதெல்லோவையும் பாண்டியனையும் அளக்கப் பின்னது வேண்டும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், ஆராயாமல் ஒருவனை நம்புவதையும், நம்பியவன்மேல் பின்னர் ஐயங்கொள்வதையும் தீராத் துன்பத்தின் இரு வாயில்களாகச் சுட்டுகிறது. பாண்டியன் முதல் வாயிலில் மட்டும் நுழைந்தான். ஒதெல்லோ இரண்டிலும் ஒரே வேளையில் நுழைந்தான்: இயாகோவை ஆராயாமல் நம்பினான், நம்பி மணந்தவளை ஐயுற்றான். அவன் துயரம் இரட்டித்துத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே எனலாம்.

எனினும் இருவரையும் துன்பியல் தலைவராக உயர்த்துவது அவர்தம் முடிவாகும். உண்மை வெளிப்பட்டதும் இருவரும் சூழ்ச்சிக்காரன்மேல் பழியைப் போட்டுத் தப்பவில்லை. தம்மைத் தாமே குற்றவாளியாகக் கொண்டு உயிர் நீத்தனர்.

வகுப்பறைக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கின் வகுப்பறைகளில் பாத்திரப் பண்புநலன்களைப் பட்டியலிடும் பயிற்சி வேரூன்றியுள்ளது. ‘பொற்கொல்லன் வஞ்சகன், பாண்டியன் நீதி தவறியவன்’ என எழுதும் மாணவர் தேர்வில் புள்ளி பெறுவர். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் ஒரு பதின்ம வயதினரின் கைக்குட்டை இன்று புலனத்தில் வந்து சேரும் ஒரு படமாக இருக்கலாம். அதனை அனுப்பியவர் யார், எந்த நோக்கத்தில் அனுப்பினார், அவ்வேளையில் நம் மனம் எந்நிலையில் இருந்தது என்னும் மூன்று கேள்விகளையும் துன்பியல் இலக்கியமே பயிற்றுவிக்க வல்லது. ‘பாண்டியன் எந்த இடத்தில் நின்றிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்?’ என ஆசிரியர் வினவினால், மாணவர் பட்டியலை விடுத்துப் பனுவலுக்குத் திரும்புவர்.

முடிவுரை

அழுக்காறு சூழ்ச்சியைத் தொடங்கி வைக்கிறது. அதனை நிறைவேற்றுவது நல்லவரின் ஆராயாமை. இயாகோக்களையும் பொற்கொல்லர்களையும் உலகிலிருந்து நீக்குதல் கல்வியால் இயலாது. வாயிலில் நின்றபடியே தீர்ப்புக் கூறாத மனத்தை உருவாக்குதல் இயலும். துன்பியலைத் தமிழ் வகுப்பில் கற்பிப்பதன் பயன் அதுவே என்பது நம் துணிபு.