கொல்லைக் காவலுக்குப் புள்ளிச் சட்டை வேண்டுமா?

அம்மையார்குப்பம் பக்கம் மலையடிக் கொல்லையிலே வேர்க்கடலை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "வேட்டைக்காரங்க போடற பச்சைப் புள்ளிச் சட்டை போட்டா பன்னி கண்ணுக்கு ஆள் தெரியாதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல் 3 வகை. பன்றிக்கும் மானுக்கும் 2 வகைதான். சிவப்பு, பச்சை வித்தியாசம் அவற்றுக்குப் பிடிபடாது. ஆரஞ்சு நிறப் புலியே மானுக்குப் பச்சையாகத்தான் தெரியும்! அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை கட்டாயம். மானுக்கு அது உறைக்காது. கூட வந்த ஆளுக்குத் தெரியும், குண்டு தவறிப் படாது.

பன்றிக்குப் பார்வை மட்டு, மூக்குதான் பலம். காற்றடிக்கும் திசையில் நின்றால் எந்தச் சட்டையும் காப்பாற்றாது. நம் இருளர்கள் சாதாரண லுங்கியில்தான் எலி பிடிக்கிறார்கள். தடம் பார்ப்பதே அவர்கள் வித்தை.

நாம் வேட்டைக்காரர் இல்லை, காவல்காரர். 1972-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம். வேலியில் திருட்டுக் கரண்ட் விட்டால் மனுஷ உயிரும் போகும். காவலுக்கு ஒளிய வேண்டாம். ஆள் இருப்பது பன்றிக்குத் தெரியணும். வெள்ளைச் சட்டை போடுங்க, டார்ச் எடுங்க, தகரம் தட்டுங்க. சேதத்தை வனத்துறைக்கு எழுதிக் கொடுங்க.