பகைவர்கள் சேர்ந்து எழுதிய சரித்திரப் புத்தகம்!

பிரான்சு தேசத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. சுவரில் தேசப்படம் தொங்குகிறது. அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் கறுப்பாக இருக்கிறது. ஆசிரியர் தம் கையில் உள்ள குச்சியால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். சீருடை அணிந்த மாணவன் ஒருவன் அருகில் நிற்கிறான்.

இது ஓர் ஓவியம். ஆல்பர் பெத்தானியே என்ற பிரெஞ்சு ஓவியர் 1887-ம் ஆண்டில் தீட்டியது. "கறுப்புக் கறை" என்று அதற்குப் பெயர்.

அது என்ன கறை?

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம் மூண்டது. பிரான்சு தோற்றது. அல்சாஸ் மாகாணத்தையும், லொரேன் மாகாணத்தில் ஒரு பகுதியையும் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. அதோடு விடவில்லை. 500 கோடி பிராங்கு நஷ்டஈடும் வாங்கியது. பறிபோன அந்த நிலம்தான் படத்தில் தெரியும் கறை.

பறிகொடுத்ததை மறக்கக் கூடாது என்று பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். 1880-களில் பல பள்ளிகளில் சிறுவர் படைகள் இருந்தன. மரத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அணிவகுத்துப் பழகினார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே ஆண்டுதோறும் செப்டம்பர் 2-ந் தேதி "செடான் நாள்" கொண்டாடினார்கள். 1870-ல் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி செடான் என்ற ஊரில் தோற்றுச் சரண் அடைந்த நாள் அது. பிரெஞ்சுக்காரர்கள் பரம்பரைப் பகைவர்கள் என்று ஜெர்மானியப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதிய "கடைசிப் பாடம்" என்ற சிறுகதை இந்தக் காலத்தைப் பற்றியதுதான். இந்தியாவிலும் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் பல மாணவர்கள் அதைப் படித்திருக்கிறார்கள். அல்சாஸ் பள்ளியில் பிரெஞ்சு மொழிப் பாடம் நிறுத்தப்படுவதைச் சொல்லும் கதை; மனதை உருக்கும். ஆனால் கதையில் தெரியாத உண்மை ஒன்று உண்டு. அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் அந்நாளில் வீட்டில் பேசியது ஜெர்மானியக் கிளைமொழி! ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டால் இப்படித்தான்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள்

அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் 1914-ல் போர்முனைக்குப் போனார்கள். 1916-ல் வெர்தன் என்ற ஒரே இடத்தில் பத்து மாதம் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் சேர்ந்து சுமார் 3 லட்சம் பேர் மாண்டார்கள்.

இந்தப் பகையில் பழிக்குப் பழி வாங்கிய விதத்தைப் பாருங்கள்.

1871-ல் வெற்றி பெற்ற ஜெர்மானியர், பாரிஸுக்கு அருகே உள்ள வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் தங்கள் சாம்ராஜ்யத்தைப் பிரகடனம் செய்தார்கள். 1919-ல் தோற்ற ஜெர்மனியை அதே மண்டபத்துக்கு வரவழைத்துக் கையெழுத்து வாங்கியது பிரான்சு.

1918-ல் போர் நிறுத்தத்துக்கு ஜெர்மானியர் கையெழுத்துப் போட்டது, கொம்பியேன் காட்டில் நின்ற ஒரு ரெயில் பெட்டியில். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெட்டியைக் காட்சிப் பொருளாக வைத்திருந்தார்கள். 1940-ல் ஹிட்லர் பிரான்சைத் தோற்கடித்தார். கட்டிடத்தின் சுவரை இடித்துப் பெட்டியை வெளியே இழுத்து, அதே இடத்தில் நிறுத்தி, அதே பெட்டியில் பிரான்சிடம் கையெழுத்து வாங்கினார்!

அல்சாஸ் மக்களின் பாடு சொல்லி முடியாது. 1870-க்கு முன் பிறந்து 1945 வரை வாழ்ந்த ஒருவர், சொந்த ஊரை விட்டு நகராமலே நான்கு முறை தேசம் மாறியிருப்பார்.

ஆசிரியர்கள் கூடினார்கள்

பகையை வளர்த்ததில் பாடப்புத்தகத்துக்கும் பங்கு உண்டு. இதை முதலில் உணர்ந்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். 1935-ல் இரு நாட்டுச் சரித்திர ஆசிரியர்கள் பாரிஸில் கூடினார்கள். புத்தகங்களில் எதை எப்படித் திருத்தலாம் என்று சுமார் 40 யோசனைகள் எழுதினார்கள். ஆனால் ஜெர்மனியில் நடந்தது ஹிட்லர் ஆட்சி. யோசனைகள் அங்கே எடுபடவில்லை. நான்கே ஆண்டில் மறுபடி யுத்தம்.

யுத்தம் முடிந்ததும் அந்தப் பழைய காகிதங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். இதில் முன்னின்றவர் கேயோர்க் எக்கெர்ட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர். யுத்த காலத்தில் இவர் ஜெர்மன் ராணுவத்தின் வானிலைப் பிரிவில் சேர்ந்து கிரீஸ் நாட்டில் வேலை பார்த்தவர். 1944-ல் ராணுவத்தை விட்டு, கிரேக்க எதிர்ப்புப் படையினர் பக்கம் சேர்ந்துகொண்டவர்!

1951-ல் பிரான்ஷ்வைக் நகரில் பாடப்புத்தகங்களைச் சீர்திருத்த ஒரு நிலையத்தை எக்கெர்ட் தொடங்கினார். அதே ஆண்டில் இரு நாட்டு ஆசிரியர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1914 யுத்தத்தை எந்த ஒரு நாடும் வேண்டுமென்றே மூட்டியதாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்பது அதில் ஒரு முக்கிய அம்சம். (சரித்திர நிபுணர்கள் இதை எல்லோரும் ஒப்பவில்லை. பொறுப்பில் பெரும் பங்கு ஜெர்மனிக்கே என்று 1961-ல் வாதிட்டவர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், அவரும் ஜெர்மானியர்தான்.)

எக்கெர்ட் 1974-ல் காலமானார். நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது. அதன் நூலகத்தில் 170-க்கும் மேற்பட்ட நாடுகளின் பாடப்புத்தகங்கள் இருக்கின்றன.

மாணவர்கள் கேட்ட கேள்வி

1963 ஜனவரி 22-ந் தேதி பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலும், மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடினாரும் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மாணவர்களை ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு அனுப்பிப் பழக வைக்க அந்த ஆண்டே தனி அலுவலகம் ஏற்பட்டது. இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் அதன் மூலம் போய் வந்திருக்கிறார்கள்.

உடன்படிக்கையின் 40-வது ஆண்டு விழா 2003-ல் வந்தது. இரு நாடுகளிலிருந்தும் 500-க்கும் மேற்பட்ட மாணவ மாணவிகள் பெர்லினில் கூடினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. "இரண்டு நாட்டுக்கும் ஒரே சரித்திரப் புத்தகம் வேண்டும்" என்பதே அது.

ஜனாதிபதி சிராக்கும் பிரதமர் ஷ்ரோடரும் சம்மதித்தார்கள். 2006-ல் முதல் புத்தகம் வந்தது. 1945-க்குப் பிந்திய சரித்திரம் அது. இரண்டாவது 2008-லும், பழங்காலம் முதல் 1815 வரையிலான மூன்றாவது 2011-லும் வெளிவந்தன. ஒன்று பிரெஞ்சு மொழியில்; மற்றது ஜெர்மன் மொழியில். உள்ளே விஷயம் ஒன்றே!

எங்கே தகராறு?

ஹிட்லரைப் பற்றி எழுதும்போதுதான் சண்டை வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. இழுபறி வந்தது அமெரிக்காவைப் பற்றி!

1948-ல் பெர்லின் முற்றுகையின்போது விமானத்தில் உணவும் நிலக்கரியும் கொண்டுவந்து இறக்கிய நாடு அமெரிக்கா. ஜெர்மானியருக்கு அந்த நன்றி உண்டு. பிரெஞ்சுக்காரர்களோ அமெரிக்காவின் ஆதிக்கத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பழகியவர்கள். கம்யூனிஸ்டுகள் விஷயமும் அப்படியே. பிரான்சில் அவர்கள் ஹிட்லரை எதிர்த்துப் போராடியவர்கள். கிழக்கு ஜெர்மனியிலோ மக்களைச் சுவர் எழுப்பி அடைத்தவர்கள்.

என்ன செய்தார்கள்? எந்தப் பார்வையையும் வெட்டித் தள்ளவில்லை. இரண்டையும் எழுதினார்கள். இரு நாட்டுப் பார்வையும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று காட்டவே தனிப் பக்கங்கள் ஒதுக்கினார்கள். மாணவன் எடைபோட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இது நல்ல யோசனை. கசப்பான விஷயங்களை எல்லாம் கழித்துவிட்டு எழுதியிருந்தால் அது சரித்திரப் புத்தகமாக இருந்திராது, வாழ்த்துமடலாகத்தான் இருந்திருக்கும்.

பிரான்சுக்கும் கசப்பு உண்டு. ஹிட்லர் காலத்தில் யூதர்களைப் பிடித்துக் கொடுத்ததில் பிரெஞ்சு அரசாங்கத்துக்கும் போலீசாருக்கும் பங்கு இருந்தது. பிரெஞ்சுப் பாடப்புத்தகங்கள் வெகு காலம் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நாட்டின் பொறுப்பை ஜனாதிபதி சிராக் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதே 1995-ல்தான்.

விற்பனை எப்படி?

இத்தனை பாடுபட்டு எழுதிய புத்தகம் எல்லாப் பள்ளிகளிலும் நுழைந்துவிட்டதா? அதுதான் இல்லை.

ஜெர்மனியில் 16 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடத்திட்டம். பிரான்சில் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். அதுவும் அவ்வப்போது மாறும். பரீட்சைக்கு வராத பாடத்தை எந்த ஆசிரியர் நடத்துவார்? நம் ஊர் ஆசிரியர்களுக்கும் தெரிந்த சங்கடம்தான் இது. பெரும்பாலும் பிரெஞ்சு, ஜெர்மன் இரு மொழிகளிலும் பாடம் நடக்கும் வகுப்புகளில்தான் புத்தகம் பயன்பட்டது.

ஆனாலும் அந்த மாதிரியைப் பார்த்து இன்னொரு ஜோடியும் எழுதத் தொடங்கியது. ஜெர்மனியும் போலந்தும்! 1939-ல் ஹிட்லரின் படைகள் புகுந்த நாடு போலந்து. லட்சக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்த நாடு. அவர்களுடைய கூட்டுச் சரித்திரப் புத்தகம் நான்கு பாகங்களாக வந்தது. பாடப்புத்தகங்களைப் பற்றி இரு நாட்டு நிபுணர்களும் கமிஷன் அமைத்துப் பேச உட்கார்ந்தது 1972-ல். முதல் பாகம் வெளிவந்தது 2016-ல். கடைசிப் பாகம் 2020-ல்.