ஓடுகிற கணிப்பொறியை ஏன் மாற்ற வேண்டும்?

உங்கள் பள்ளியில் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறதா? "நன்றாகத்தானே ஓடுகிறது! அதன் இயக்க முறைமையை எதற்கு மாற்றுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

கணிப்பொறியின் உறுப்புகளை வேலை வாங்குவது இயக்க முறைமை. பல லட்சம் வரிகள் கொண்ட அந்த நிரலில் பிழைகள் இல்லாமல் இரா. சில பிழைகள் திருடன் நுழையும் ஓட்டைகளாகிவிடும். ஓட்டை தெரிந்ததும் தயாரிப்பாளர் அதை அடைக்கத் திருத்தம் அனுப்புவார். ஆனால் அதற்கும் கெடு உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு வழக்கமான திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றன. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் நின்றன.

திருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் தவித்தன. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத கணிப்பொறிகளே அகப்பட்டன.

அப்படியானால் எப்படி முடிவு செய்வது? கணிப்பொறி இணையத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனித்து நின்று ஓர் ஆய்வுக் கருவியை மட்டும் இயக்குவதானால் அவசரமில்லை. பென் டிரைவ் வழியே தீநிரல் நுழையாமல் காத்தால் போதும். இணையத்தில் இருந்தால் மாற்றுவதே நல்லது.

அடுத்து, வன்பொருள் தாங்குமா? விண்டோஸ் 11க்கு 4 ஜிகாபைட் நினைவகமாவது வேண்டும். பழைய செயலிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. தாங்காவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளுள் எளியதொன்றைப் போடலாம். தேவையான நிரல்கள் அதில் ஓடுமா என்று முன்கூட்டியே சோதியுங்கள்.

எதைச் செய்தாலும், முதலில் கோப்புகளுக்கு நகல் எடுத்து வையுங்கள். மறந்துவிடாதீர்கள்!