உள்வலையமைப்பில் கணினிப் பெயர் அறியப்படாமை: காரணமும் கண்டறியும் முறையும்

திறவுச்சொற்கள்: புரவலன் பெயர், எண்முகவரி, டி.என்.எஸ்., ஹோஸ்ட்ஸ் கோப்பு, பல்பரப்பு

துறையொன்றின் எண்மமாக்கப்பட்ட நூல்கள் அனைத்தும் ‘நூலகம்.லோக்கல்’ என்பது போன்ற பெயருடைய ஒரே வழங்கியில் இருப்பதாகக் கொள்ளலாம். பெயரை இட்டால் வழங்கி காணப்படவில்லை என்னும் செய்தி வருகிறது, 192.168.1.20 என்னும் எண்முகவரியை இட்டால் உடனே திறக்கிறது. வழங்கியும் இணைப்பும் நலமாக உள்ளன என்பதையும், பழுது பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் உள்ளது என்பதையும் இந்த ஒரு சோதனையே காட்டிவிடுகிறது. இதனைச் செய்யாமல் வழங்கியின் இயங்குதளத்தையே மீள நிறுவுவோர் உளர். அதில் தரவு அழிந்தால் அது பெயர்ச்சிக்கலால் நேர்ந்த இழப்பன்று.

ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிப் பெயர்களும் எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் பேணிய ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறைமையை வடிவமைத்தார். எனினும் பழைய கோப்பின் எச்சமாக ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பு ஒவ்வொரு கணினியிலும் இன்றும் உள்ளது. பொதுவாக டி.என்.எஸ்.ஸுக்கு முன்னரே அது பார்க்கப்படும். வழங்கியின் எண் மாறிய பின்னும் அக்கோப்பில் மறந்து விடப்பட்ட ஒரு வரி, சரியான விடையை மறைத்துவிடும்.

லினக்ஸில் இத்தேடல் வரிசையை ‘என்எஸ்ஸ்விட்ச்’ என்னும் அமைவுக் கோப்பு வகுக்கிறது. ‘டிக்’ கட்டளை இவ்வரிசையைப் பொருட்படுத்தாமல் நேரே டி.என்.எஸ். வழங்கியை வினவும், ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ கட்டளையோ வரிசைப்படியே செல்லும். எனவே ‘டிக்’ விடை தந்து ‘கெட்என்ட்’ தராவிடில், பழுது டி.என்.எஸ். வழங்கியில் இல்லை, பயனர் கணினியிலேயே உள்ளது. இவ்வேறுபாட்டை அறியாதவர் ‘டிக்’ தந்த விடையைக் கண்டு எல்லாம் சரி என முடிவு செய்துவிடுவர்.

இவ்வாறு முரண்பட்ட விடை வருவதற்கு ‘.லோக்கல்’ என்னும் ஈறு ஒரு முக்கியக் காரணம். 2013இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6762 அவ்வீற்றைப் பல்பரப்பு டி.என்.எஸ்.ஸுக்கு உரியதாக்கியது. அம்முறையில் கணினி 224.0.0.251 என்னும் முகவரிக்கு, 5353ஆம் துறைவழி, ‘இப்பெயருடையவர் யார்?’ என வினவும். உரியவரே விடை தருவார். நிறுவனத்தின் டி.என்.எஸ். வழங்கியிலும் அதே ஈற்றைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டும் மோதுகின்றன. பல்பரப்பில் விடை கிடைக்காதபோது தேடலை நிறுத்துமாறு பல லினக்ஸ் வழங்கல்களின் அமைவு கூறுகிறது, அதனால் டி.என்.எஸ். வினவப்படுவதே இல்லை. நிறுத்தும் அக்குறிப்பை நீக்குவதோ டி.என்.எஸ்.ஸை முன்னே வைப்பதோ உடனடித் தீர்வாகும். பல்பரப்பு வினா திசைவியைக் கடப்பதில்லை என்பதையும் கருதவேண்டும். ஒரு கட்டடத்தில் அறியப்படும் பெயர் மற்றொன்றில் அறியப்படாமைக்கு இது காரணமாகலாம்.

நிலையான தீர்வு ஈற்றையே மாற்றுவதாகும். நிறுவனம் தனக்குரிய களப்பெயரின் கீழ் ஓர் உட்களத்தை அமைத்துக்கொள்ளலாம். மாற்றிய பின்னரும் பழைய விடை தொடர்ந்தால் இடைநினைவகத்தைத் துடைக்கவேண்டும். ‘இல்லை’ என்னும் விடையும் அங்குச் சேமிக்கப்படுவதுண்டு.